ஆளுக்கோர் ஊரில் இருந்து ஓர் அம்பாப் பாட்டு: ராமநாதபுரம் கடற்கரைக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலில் விரித்த கரைவலையைக் கரையில் நின்று இழுக்க ஒரு கூட்டம் வேண்டும். அப்படி இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் அதே கூட்டம்தான். இன்றைக்கு அந்தக் கூட்டம் ஒரே கரையில் இல்லை. முதல் வரியை எடுத்துக் கொடுக்கும் முன்பாட்டுக்காரப் பெரியவர் தங்கச்சிமடத்தில் இருப்பார். அவருக்குப் பதில் பாடும் பின்பாட்டுக்காரர்களில் ஒருவர் துபாயில், இன்னொருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், நாலு பேர் விசைப்படகில். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துத் தப்ஸ் (கையால் தட்டும் வட்டப் பறை) குழுக்களுக்கும், பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை உள்ள மாதா கோயில் பாடகர் குழுக்களுக்கும் இதே நிலைமைதான். திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால்தான் குழு முழுசாகச் சேரும்.

அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே சேர்ந்து பாடி யூடியூபில் போட முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட்போன், குழுவுக்கு ஒரு சாதாரண மடிக்கணினி, அதன் முன்னால் பொறுமையாக உட்கார ஓர் ஆள், இவ்வளவு போதும்.

முறை புதியதல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர், தன் பாட்டைப் பெண் ஒருவர் தனியாகப் பாடி இணையத்தில் போட்டதைப் பார்த்துவிட்டு, இப்படிப் பலர் தனித்தனியாகப் பாடியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன என்று யோசித்தார். 2010-ல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரின் காணொளிகளைச் சேர்த்து முதல் இணையச் சேர்ந்திசையை வெளியிட்டார். 2020-ல் அதே முயற்சியில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பாடினார்கள். அந்த ஆண்டு ஊரடங்கில் உலகம் முழுக்கக் கோயில், பள்ளி, கல்லூரிப் பாடகர் குழுக்கள் இதையே பிடித்துக்கொண்டன. திரையில் வரிசை வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்குள் ஒரு முகம் என்கிற காட்சி நமக்குப் பழகியது அப்போதுதான்.

அந்த முறையை அப்படியே எடுத்து நம் பாட்டுக்குப் போட்டால் ஒன்று கெட்டுப்போகிறது. அங்கே எல்லாரையும் ஒன்றாகக் கட்டிவைப்பது நடத்துநரின் கை, அல்லது காதுக்குள் 'டிக் டிக்' என்று ஓடும் தாளக் கருவி. அம்பாவில் தாளத்தைக் கொடுப்பது கயிறு. வலை கனத்தால் பாட்டு மெதுவாகும், தளர்ந்தால் விரையும், மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இழுப்போடு சேர்ந்து பாட்டும் வேகமெடுக்கும். இதைக் கொண்டுபோய் நிமிடத்துக்கு 90 தட்டு என்று ஆணியடித்தால் சுத்தமாக, அழகாக, உயிர் இல்லாத ஒன்று கிடைக்கும். ஆகவே கீழே சொல்லும் படிகள் எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: பாடுகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் கயிறு அவர் கையில் இருக்கவேண்டும்.

நேரலையில் சேர்ந்து பாட ஏன் முடியவில்லை

பலரும் முதலில் ஜூமில் எல்லாரையும் கூப்பிட்டு ஒன்றாகப் பாடிப் பார்க்கிறார்கள். குழப்பம்தான் மிஞ்சும். காரணம் தெரிந்தால் அடுத்த படிகள் தானாகப் புரியும்.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் உங்களுக்கு வந்துசேரச் சுமார் 29 மில்லிநொடி ஆகும், அதாவது நொடியில் ஆயிரத்தில் 29 பங்கு. தாளத்தோடு சேர்ந்து பாட மனிதக் காது தாங்கும் தாமதம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 25 முதல் 30 மில்லிநொடி. வீடியோ அழைப்பில் தாமதம் 100 மில்லிநொடியைச் சாதாரணமாகத் தாண்டும். கம்பியில் ஒளி போகும் நேரம் இதில் சொற்பம். குரலையும் படத்தையும் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்து வைத்து விரிப்பதில்தான் நேரம் போகிறது. போதாததற்கு, ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை இந்தச் செயலிகள் தாமாகவே அமுக்கிவிடும். பேச்சுக்கு அது நல்லது, பாட்டுக்கு ஆகாது.

நம் கரைக்கு இது தெரியாத விஷயம் இல்லை. கரைவலையின் இரண்டு முனைக் கயிறுகளை இரண்டு கூட்டம் இழுக்கும். தொடக்கத்தில் அவர்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் இருக்கும். 300 மீட்டர் என்றால் ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போக முக்கால் நொடிக்கு மேல் ஆகும். அந்தத் தூரத்தில் யாரும் ஒரே தாளத்தில் பாட முயல்வதில்லை. அந்தந்தக் கூட்டம் அதனதன் முன்பாட்டுக்காரர் பின்னால் போகும், நெருங்கி வந்த பிறகே ஒன்றாகும்.

நேரலைதான் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முன்பாட்டுக்காரரின் மைக் மட்டும் திறந்திருக்க, மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு வீட்டிலிருந்தே கூடப் பாடுவது. ஒத்திகைக்கும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இது அருமையான வழி. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், குரலை அது அமுக்காது. இரண்டாவது, ஜாமுலஸ் போன்ற இசைக்கென்றே உள்ள செயலிகள். வைஃபை இல்லாமல் கம்பி வழியாக நல்ல இணைப்பும், கம்பி ஹெட்போனும், பக்கத்து ஊர் ஆட்களுமாக இருந்தால் இவற்றில் உண்மையிலேயே சேர்ந்து பாடலாம். ஆனால் இவற்றில் ஒலி மட்டும்தான், படம் இல்லை. கைபேசி டேட்டாவை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

மீதி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதிந்து அடுக்குவதே வழி.

படி 1: பாட்டும் சுருதியும்

முதல் முயற்சிக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிகிற, முன்பாட்டும் பின்பாட்டும் தெளிவாகப் பிரிந்த பாட்டாக எடுங்கள். இந்த வகைக்கு அடுக்கும் முறை நன்றாகவே ஒத்துவரும், ஏனென்றால் பின்பாட்டுக்காரர் எப்போதும் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறார். எல்லாரும் முதல் எழுத்திலேயே ஒன்றாகத் தொடங்கும் பாட்டு கடினம்; அதை இரண்டாவது முயற்சிக்கு வையுங்கள்.

சுருதியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கரையில் யாரும் சுருதிப் பெட்டி வைத்துப் பாடுவதில்லை, முன்பாட்டுக்காரர் எடுத்ததுதான் சுருதி. அதையே வைத்துக்கொள்ளலாம். அவர் எப்போதும் போலப் பாடச் சொல்லி, அது எத்தனை கட்டை என்று சுருதிச் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செயலிக்காக அவர் குரலை ஏற்றவோ இறக்கவோ கூடாது. பெண்கள் குழுவும் சேர்ந்தால் அவர்களுக்கு எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 2: வழிகாட்டிப் பதிவு

இதுதான் மொத்த வேலையின் அடிமனை. மற்ற எல்லாரும் இதைக் காதில் கேட்டுக்கொண்டேதான் பாடப்போகிறார்கள். இங்கே செலவழிக்கும் ஒரு முழு நாள் பிறகு பல நாட்களை மிச்சப்படுத்தும்.

முன்பாட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். நிஜமாகவே வலை இழுக்கும் நாளில் பதிய முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாவிட்டால் மணல் நிரப்பிய மூட்டைகளைக் கயிற்றில் கட்டி, மூன்று நான்கு பேராக மணல்மேல் இழுத்துக்கொண்டே பாடட்டும். கனம் இருக்கவேண்டும். இழுக்கும்போது வயிறு இறுகி மூச்சு ஒரு தள்ளலோடு வெளியே வரும், குரலின் அழுத்தம் அந்த இடத்தில்தான் விழும். கயிற்றை விட்டு அடுத்த பிடிக்குக் கை மாறும்போது குரல் கொஞ்சம் தளரும். உட்கார்ந்து பாடினால், எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும், இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். தெற்குக் கரையில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் பாடியபோது ஒவ்வொரு வரியும் ஒரே நீளம். அதே பாட்டை மணல் மூட்டையை இழுத்துக்கொண்டே கரையில் பாடியபோது, கயிறு மணலில் சிக்கிய இடத்தில் 'லோ' என்ற எழுத்தை அவராகவே இழுத்துப் பிடித்து நின்றார். பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை.

காற்றைத்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். நம் பக்கம் ஒரு வசதி, இரண்டு கடல். சோழகம் (தென்காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா பொங்கும், வடகடலான பாக் நீரிணைப் பக்கம் குளம் போலக் கிடக்கும்; வாடைக் காலத்தில் அப்படியே மாறும். ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் உள்ளவர்கள் அன்றைக்கு அமைதியாக இருக்கிற கடல் பக்கம் போய்விடலாம். விடியற்காலையில் காற்று பொதுவாகக் குறைவு. பாடுகிறவருக்குக் காலர் மைக் ஒன்றைச் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் மாட்டி, மேலே பஞ்சுறையும் அதன்மேல் ஒரு துண்டுக் கம்பளியும் சுற்றினால் இரைச்சல் பெருமளவு அடங்கும். அவர் முதுகு காற்றைப் பார்த்து இருக்கட்டும்.

பின்பாட்டையும் இதிலேயே இரண்டு மூன்று பேர் மெதுவாகப் பாடட்டும். தூரத்தில் உள்ளவருக்கு எங்கே நுழைய வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். முக்கியமாக, பின்பாட்டு முடிவதற்குள்ளேயே முன்பாட்டுக்காரர் அடுத்த வரியை எடுத்துவிடுவார். அந்தச் சின்ன மேற்படிதலில்தான் அம்பாவின் ஓட்டம் இருக்கிறது. வெறும் இடைவெளி விட்ட வழிகாட்டியைக் கேட்டுப் பாடினால் எல்லாரும் ஒழுங்காகக் காத்திருந்து பாடி அதைத் தொலைத்துவிடுவார்கள்.

பதிந்த பிறகு ஒரு கூடுதல் வேலை. இழுத்தவர்களில் ஒருவரையே உட்காரவைத்து, காணொளியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இழுப்புக்கும் கை தட்டச் சொல்லிப் பதியுங்கள். இந்தக் கைத்தட்டு பாட்டின் பின்னால் போகும், வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். தாளக் கருவிக்குப் பதில் இதை வழிகாட்டியோடு மெதுவாகக் கலந்து அனுப்பினால், கடலையே பார்க்காத ஊரில் இருப்பவரும் சரியான இடத்தில் இழுப்பார். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு இது தேவையில்லை. அங்கே கீபோர்டு வாசிப்பவரும் நடத்துநரும் சேர்ந்து ஒரு பதிவு செய்தால் போதும். தப்ஸ் குழுவுக்குத் தலைமைத் தப்ஸ் ஒன்றை மட்டும் முதலில் தனியாகப் பதியுங்கள்.

கடைசியாக, வழிகாட்டியின் தொடக்கத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி நாலாவதுக்கு ஒரு பலமான கைத்தட்டு. பிறகு இரண்டு நொடி விட்டுப் பாட்டு. இந்தக் கைத்தட்டு பின்னால் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகப் பொருத்தப் பயன்படும்.

படி 3: ஒவ்வொருவரும் பதிவது

வழிகாட்டிக் காணொளியோடு கீழே உள்ளவற்றை எழுதி அனுப்பாதீர்கள், வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்புங்கள். எழுதியதைப் பாதிப்பேர் படிப்பதில்லை.

பதியும் நேரத்துக்கு மட்டும் இன்னொரு போனை இரவல் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒன்றில் வழிகாட்டி ஓடும், மற்றது பதியும். காதில் கம்பி இயர்போன்தான், புளூடூத் கூடவே கூடாது. புளூடூத்தில் ஒலி 100, 200 மில்லிநொடிகூடத் தாமதமாக வரும், பாடுகிறவருக்குத் தான் சரியாகப் பாடியதாகவே தோன்றும். ஒரு காதில் மட்டும் மாட்டினால் தன் குரலும் கேட்கும், சுருதி நிற்கும். வழிகாட்டியின் சத்தம் வெளியே கசியக்கூடாது.

போனை அகலவாக்கில், முக உயரத்தில், ஒன்றரைக் கை தூரத்தில் எதன்மீதாவது சாய்த்து வைக்கவேண்டும். லென்ஸை மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கடற்கரை வீட்டில் உப்புப் படலம் ஒட்டியே இருக்கும், படம் மங்கலாக வருவது பெரும்பாலும் அதனால்தான். ஃபேனை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, எல்லாரும் நொடிக்கு 30 சட்டம் (ஃப்ரேம்) என்ற ஒரே அமைப்பில் பதியட்டும். தகரக் கூரைக்குக் கீழேயும் வெறுஞ்சுவர் அறையிலும் எதிரொலி அதிகம். மெத்தை, போர்வை, துணிமணி உள்ள அறை நல்லது. வளைகுடாவில் ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்வது நிறுத்தியிருக்கும் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதைவிட நல்ல ஒலிப்பதிவுக்கூடம் கிடைக்காது.

இப்போது கயிறு. ஜன்னல் கம்பியில் அல்லது கட்டில் காலில் ஒரு துண்டைக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, பாட்டின் இழுப்புக்கு நிஜமாகவே இழுத்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். ஒருமுறை இழுத்துப் பாடியதையும் சும்மா நின்று பாடியதையும் அவர்களுக்கே போட்டுக் காட்டினால் மறுபேச்சு இருக்காது. திரையிலும் பாருங்கள்: துபாய் அறையிலும் திருப்பூர் லைன் வீட்டிலும் தங்கச்சிமடம் கரையிலும் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் பின்னுக்கு வரும். இந்தக் காட்சியைக் கரையில் நின்று பார்க்க முடியாது. இணையக் காணொளி நமக்குப் புதிதாகக் கொடுத்தது இதுதான்.

'ஐலசா' போன்ற சொல்லில் வரும் 'ச'வைக் கவனியுங்கள். பதினைந்து பேர் தனித்தனியாகப் பாடிய 'ச'வை அடுக்கும்போது எதுவும் துல்லியமாக ஒரே இடத்தில் விழாது, நீளமாக ஒரு 'ஸ்ஸ்' இரைச்சல்தான் கேட்கும். நல்ல தாளக்கட்டு உள்ள இரண்டு மூன்று பேர் மட்டும் 'ச'வை அழுத்திப் பாடட்டும். மற்றவர்கள் அதை மென்மையாகத் தொட்டுவிட்டு 'ஆ'வுக்குப் போய்விடட்டும். தேவாலயப் பாட்டுகளிலும் 'ஸ்', 'ட்' என்று முடிகிற சொற்களுக்கு இதே வழி.

பெரிய சிக்கல் கூச்சம். கூட்டத்தில் நிற்கும்போது ஊரே கேட்கப் பாடுகிறவர், தனியாகப் போன் முன்னால் நின்றால் முணுமுணுப்பார். கூட்டத்தில் தன் குரல் கரைந்துவிடும் என்ற தைரியம் அங்கே இருந்தது. இங்கே ஒரு பெட்டிக்குள் தன் முகமும் தன் குரலும் மட்டும். அதனால் ஒரு பெட்டிக்கு ஒருவர்தான் என்ற விதியை விட்டுவிடுங்கள். ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தால் மூவரும் ஒரே போன் முன்னால் நிற்கட்டும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாடும் பாட்டுகளை அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பாடினால்தான் கேட்க நன்றாக இருக்கும், தனித்தனியாக உட்காரவைத்தால் பாட்டு வேறாகிவிடும். முதல் தடவை பாடியதைப் பதிவாகவே எண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவதும் உதவும்.

நேரம் பார்த்துப் பதியச் சொல்லுங்கள். பாங்கு, கோயில் மணி, ஐஸ் கம்பெனி மோட்டார், ஏலக்கூடச் சத்தம் எல்லாம் அந்தந்த ஊர்க்காரருக்குத் தெரியும். விசைப்படகில் போகிறவர்களுக்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் வருமானம் இல்லாத காலமும் அதுதான் என்பதால், பயணச் செலவு, டேட்டாச் செலவு எதையும் அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

படி 4: அனுப்புவதும் பொருத்துவதும்

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் படமும் ஒலியும் நசுங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும், 2 ஜிபி வரை போகும். சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவர்களை 720 தரத்திலேயே பதியச் சொல்லுங்கள். திரையில் நாலுக்கு நாலாகப் பதினாறு பெட்டி வைத்தால் ஒரு பெட்டி 480க்கு 270 புள்ளிதான் வரும். 720 தரம் அதற்குத் தாராளம். முன்பாட்டுக்காரரின் பதிவு மட்டும் 1080-ல் இருக்கட்டும். கோப்புக்குப் பெயர், ஊர், தேதி மூன்றும் வந்த உடனேயே வைத்துவிடுங்கள்.

போன் காணொளிகளில் சட்ட வேகம் சீராக இருக்காது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால் தொடக்கத்தில் சரியாகப் பொருத்தினாலும் மூன்றாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகிவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் சீரான 30 சட்டத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும்.

பொருத்தும்போது ஒலியை முதலில், படத்தைப் பிறகு. காணொளி மென்பொருளில் பொதுவாக மிகச் சிறிய நகர்வு ஒரு சட்டம், அதாவது 33 மில்லிநொடி. தாளத்துக்கு அது போதாது. ஒலியை மட்டும் பிரித்தெடுத்து ஆடாசிட்டி அல்லது ரீப்பர் என்ற ஒலி மென்பொருளில் வரிசையாக அடுக்கி, கைத்தட்டு முனையைப் பெரிதாக்கிப் பார்த்து மில்லிநொடிக் கணக்கில் நகர்த்துங்கள். பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். கைத்தட்டு பொருந்தியும் சிலர் பாட்டில் பின்தங்குவார்கள், அது அவர்கள் பழக்கம். கொஞ்சம் முன்னே தள்ளலாம், ஆனால் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடாதீர்கள். கரையில் இருபது பேர் ஒரே நொடித்துளியில் வாய் திறப்பதில்லை. அந்தச் சிறிய சிதறல்தான் கூட்டம் என்கிற உணர்வைத் தருகிறது.

படி 5: குரல்களைக் கலப்பது

முன்பாட்டு நடுவில். பின்பாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் வையுங்கள், கரைவலையின் இரண்டு கயிறு போல. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டால் காற்றிரைச்சலும் வண்டிச் சத்தமும் பெரும்பாலும் போய்விடும். தப்ஸுக்கும் தவிலுக்கும் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அடிநாதம் போய்விடும்.

சுருதியைத் திருத்தும் மென்பொருள் வேண்டாம். இது என் கறாரான கருத்து. அம்பாவில் குரல் ஒரு சுரத்தில் வந்து நிற்பதில்லை, இழுப்போடு ஏறி வழுக்கி இறங்கும். அதைத் தவறு என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு அறையில் ஆனதால் ஒட்டுப்போட்டது தெரியும். அதற்கு எளிய வழி, பாட்டு பதிந்த அதே கரையில், யாரும் பேசாமல், அலைச் சத்தத்தை மட்டும் நாலைந்து நிமிடம் தனியாகப் பதிந்து, அதை அடியில் மிக மெதுவாக ஓடவிடுவது. எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். செயற்கை எதிரொலியைக் கோயில் பாட்டுக்குச் சேர்க்கலாம், கடற்கரைப் பாட்டுக்கு வேண்டாம். திறந்த கரையில் எதிரொலி கிடையாது.

முடிந்த ஒலியின் சராசரி அளவை -14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அருகில் வையுங்கள். அதற்கு மேல் போனால் யூடியூப் தானே குறைத்துவிடும். உரக்க வைத்துப் பயனில்லை.

படி 6: படம்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ் போன்ற காணொளி மென்பொருளில் பெட்டிகளை அமைக்கலாம். பாட்டு முழுக்கப் பதினாறு பெட்டியையே காட்டாதீர்கள், கண் எதிலும் நிற்காது. முன்பாட்டுக்கு அவர் மட்டும் திரை முழுக்க. பின்பாட்டு வரும்போது பெட்டிகள். வரிகளைத் தமிழில் கீழே போடுங்கள், வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கூடப் பாடுவார்கள்.

ஒரு நிமிடத்துக்குள் ஒரு நிமிர்ந்த வடிவத் துண்டும் (ஷார்ட்ஸ்) செய்யத்தான் வேண்டும், பலரும் பாட்டைக் கண்டுபிடிப்பது அதில்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகப் பாட்டையே சுருக்கிப் பாடச் சொல்வது பரவிவருகிறது. அது கூடாது. மெதுவாகத் தொடங்கி மடி கரையேறும் வேகத்துக்கு வந்து சேர்வதே அம்பா. முழுப் பாட்டையும் பதியுங்கள், அதிலிருந்து துண்டு வெட்டுங்கள்.

படி 7: அனுமதி, பெயர், காசு

பதிவு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதிலையும் வாய்ஸ் மெசேஜாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: முகம் காட்டலாமா, ஊர் பெயர் போடலாமா, பிற்பாடு வேறு யாராவது கேட்டால் கொடுக்கலாமா. பெண்களிடமும், பிள்ளைகளின் பெற்றோரிடமும் இரண்டு தடவை கேட்பது நல்லது. முகம் வேண்டாம் என்பவரின் கையை மட்டும், துண்டை இழுப்பதை மட்டும் காட்டலாம். பள்ளிவாசல், கோயில் சார்ந்த பாட்டு என்றால் அங்குள்ள பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை.

மரபுப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை, ஆனால் பாடியவருக்கு உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுக்குத் தருகிறது. அதனால் குழுவின் சேனலை ஒருவர் தன் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு வரும் பணத்தையும் வைத்துக்கொள்வது சரியில்லை. பங்கு எப்படி என்பதைப் பணம் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சினிமா மெட்டில் வார்த்தை மாற்றிப் பாடுவது வேறு கணக்கு. அந்த மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், பணம் அவருக்குப் போகலாம் அல்லது காணொளியே முடங்கலாம். நீங்களே பாடிய மரபுப் பாட்டுக்கும் யூடியூபின் தானியங்கி முறை சில நேரம் உரிமைக்கோரல் அனுப்பும், அதே பாட்டை ஏதாவது நிறுவனம் முன்பே வெளியிட்டிருந்தால். பயப்படாமல், இது எங்கள் சொந்தப் பதிவு, பாட்டு மரபுப் பாட்டு என்று மறுப்புப் பதியுங்கள்.

விளக்கப் பகுதியில் பாடிய எல்லார் பெயரும், ஊரும், முன்பாட்டுக்காரர் யாரிடம் கற்றார் என்பதும் இருக்கவேண்டும். ஒலியை மட்டும் தனியாக எடுத்து, பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலிக்கும் கொடுத்துப் பாருங்கள்; போனில் யூடியூப் பார்க்காதவர்களுக்கும் பாட்டு போய்ச் சேரட்டும்.

படி 8: போட்ட பிறகு

ஒரு பதிவு பரவினால் அதுவே 'சரியான' மெட்டு என்று ஆகிவிடுகிறது. அடுத்த தலைமுறை அதைத்தான் பார்த்துப் படிக்கும். நம் கரையில் தொண்டிப் பக்கம் ஒரு மாதிரி, சாயல்குடிப் பக்கம் ஒரு மாதிரி என்று ஊருக்கு ஊர் வரியும் இழுப்பும் மாறும். அதனால் உங்கள் பதிவு போன கையோடு, அதே பாட்டை வேறு விதமாகப் பாடும் ஊர்க்காரர் ஒருவரை அழைத்து, அவர் பாடுவதை ஒரே போனில், அடுக்கு எதுவும் இல்லாமல் பதிந்து பக்கத்திலேயே போடுங்கள். தலைப்பில் ஊர் பெயர் இருக்கட்டும். கருத்துப் பகுதியில் "எங்க ஊர்ல இப்படிப் பாட மாட்டோம்" என்று யாராவது எழுதினால் சண்டை வேண்டாம், அடுத்து அழைக்கவேண்டிய ஆள் அவர்தான்.

மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். கலந்து முடித்த காணொளியில் ஒருவரின் குரலைத் திரும்பப் பிரிக்க முடியாது. அவர் வீட்டுக்கு அந்தத் தனிப் பதிவு என்றைக்காவது தேவைப்படும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தனிப் பதிவை அனுப்பிவையுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை உப்புக்காற்று படாத ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள். கரையில் வைத்திருப்பதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியில் செருகி ஓடுகிறதா என்று பாருங்கள். செருகும் முனையில் பச்சைத் துரு தெரிந்தால் அன்றைக்கே வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.